வெள்ளையம்மாள் இயற்கை எய்தவில்லை

செய்தி எனக்கு ஒரு பிழைதிருத்தமாக வந்தது.

எங்கள் அடிவாரத்து ஊரில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் மூர்த்தி, சந்தேகம் வரும்போதெல்லாம் எனக்குப் படம் அனுப்புவான். தமிழ் எம்.ஏ. படித்ததற்கு ஊர் எனக்குக் கொடுத்த ஒரே பதவி அது. காதணி விழா, கட்சிக்காரர் பிறந்தநாள், கிடா வெட்டு. எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது. அன்று காலை கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கைபேசியில் படம் வந்தது. திறந்தேன்.

வெள்ளையம்மாள் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜையன்று எடுத்த படம். பின்னால் இருந்த லேத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். கீழே இரண்டு வரி.

"எங்கள் நிறுவனத்தின் மூத்த பணியாளர் திருமதி வெள்ளையம்மாள் அவர்கள் இயற்கை எய்தினார். தன்னைத் தேய்த்து எங்களை ஓட வைத்த கார்பன் பிரஷ் நீங்கள்!"

மூர்த்தி கூப்பிட்டான்.

"அக்கா, பாத்தீங்களா? பிரஷ்ஷுன்னு முழுசா எழுதறதா, பிரஷ்னு விட்டரலாமா? கம்பெனில சீக்கிரம் கேக்கறாங்க."

எப்போது இறந்தார் என்று கேட்டேன்.

"ஏனுங்கக்கா, தெரிஞ்சவங்களா?" என்றான். பிறகு அவனுக்கே புரிந்தது. "அய்யோ. நான் கவனிக்கலீங்க. நீங்களும் கரி கம்பெனிதானுங்களே."

இரண்டு வரியையும் எடுத்துவிடு, பெயரை மட்டும் வை என்றேன். "அவுங்க எழுதிக் குடுத்ததுங்க. நான் எப்படிங்க எடுக்கறது?" என்றான். அவன் கேட்டது நியாயம். ஒற்றுப்பிழை எதுவும் இல்லை. இரண்டு வாக்கியமும் பிழை, அவ்வளவுதான்.

இயற்கை எய்தினார். நல்ல சொல். அதைக் கேட்டால் எனக்கு ஒரு காட்சி வரும். முதுமை, நீண்ட மூச்சு, சுற்றிலும் பிள்ளைகள், இலை உதிர்வதுபோல ஓர் அடங்கல். வெள்ளையம்மாள் அக்காவுக்கு ஐம்பது ஆகவில்லை. கடைசி மாதங்களில் அவர் படுத்து உறங்கவில்லை. படுத்தால் மூச்சு வராது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, மடியில் ஒரு தலையணையைக் கட்டிக்கொண்டு விடிய விடிய இருந்தார். துப்பியது சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில் இயற்கை எது என்று எனக்குக் காட்டுங்கள்.

அடுத்த வரி இதைவிடக் கேவலம். கார்பன் பிரஷ் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மோட்டாருக்குள் செம்பு சுழலும். அதன்மேல் உரசியபடி மின்சாரம் கடத்தும் ஒரு சிறு கரித்துண்டுதான் பிரஷ். செம்பு தேயக்கூடாது என்பதற்காக அது தேயும். மலிவானது விலையுயர்ந்ததைக் காப்பாற்றும் ஏற்பாடு. தேய்ந்து முடிந்ததும் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்றை மாட்டுவார்கள். இந்த வரியை எழுதியவருக்கு இதெல்லாம் தெரியும். அவர் செய்து விற்பதே அதைத்தான். தெரிந்து எழுதினார். புகழ்ச்சி என்று நினைத்து எழுதினார். பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர்கள் உண்மையைச் சொல்லி அதற்கு ரோஜாப்பூ வைத்தார்கள்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சொல்லுக்காக ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அவர் எதனால் இறந்தார் என்று சொல்லப்படுகிறதோ, அதுதான் நாளை ஷெட்டில் இருமிக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்குக் கிடைக்கப்போகும் பதில். அது மட்டுமில்லை. மலைமேல் ஒரு மனிதர், தன் மனைவியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நினைப்பைக் கம்பெனி அவர் தலையில் வைத்தது. எப்படி வைத்தது என்று சொல்ல வேண்டும்.

*

வெள்ளையம்மாளின் ஊர் மேலே மலையில், பெரக்கரை நாடு என்னும் ஊர்த்தொகுதியில். கணவர் சின்னசாமி அங்கே மிளகும் பலாவும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வார நாட்களில் அடிவாரத்தில், பக்கத்து லேத்தில் வேலை செய்யும் பழனியம்மாளோடு ஓர் அறையில் தங்கினார். சனிக்கிழமை சாயங்காலம் மலை பஸ். ஒருமுறை நானும் அவரோடு போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் பாதிப்பேர் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடியிருந்தார்கள். அக்கா ஜன்னலை முழுக்கத் திறந்து, வாயையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னக்கா, பூச்சி போயிரும்" என்றேன்.

"போனாப் போவுது கண்ணு. ஒரு வாரத்துக்கு உண்டான காத்தை இப்பத்தான் திங்கோணும்."

கரி கம்பெனியில் வெள்ளையம்மாள். அந்த நகைச்சுவையைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துச் சொல்வார்கள். நானும் சொன்னேன். "நீ கொஞ்சம் லேட்டு" என்றார்.

எங்கள் ஷெட்டுக்கு கிராஃபைட் கட்டிகளாக லாரியில் வரும். எங்கோ சூளையில் நாள்கணக்கில் வெந்து வந்தவை. அறுத்து, கடைந்து, துளையிட்டு, பம்புகளுக்கு வளையங்களும் மோட்டார்களுக்குப் பிரஷ்களும் செய்வோம். நான் இன்ஸ்பெக்ஷன் மேசையில் அளவு பார்ப்பவள். அவர் லேத்தில் கடைபவர். இரும்பைக் கடைந்தால் சுருள் சுருளாக விழும். கிராஃபைட் அப்படியில்லை. எண்ணெயோ தண்ணீரோ ஊற்றினால் குடித்துவிடும் என்பதால் உலர்வாகவே கடைய வேண்டும். கடைந்தால் பறக்கும். கறுப்பாக, மினுமினுப்பாக, வழவழவென்று. சோற்றுப் போசியைத் திறந்தால் சோற்றின்மேல். சீப்பை எடுத்தால் சீப்பில்.

ஷெட்டில் எல்லோரும் அதை மாவு என்றுதான் சொல்வோம். மாவைக் கூட்டு, மாவை மூட்டை கட்டு. அக்காவுக்கு அந்தச் சொல் பிடிக்காது.

"மாவுன்னா பெசஞ்சு திங்கறதுடி. தூசின்னு சொல்லுங்க. பேரை மாத்திட்டா நெஞ்சுக்குள்ள போகாதா?"

தூசியை இழுக்க ஒவ்வொரு லேத்துக்கும் மேலே தகரக் குழாய் உண்டு. சக்சன் என்போம். அது எப்போது ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு வாங்குபவர்கள் வரும்போது, ஆடிட் வரும்போது. மற்ற நாட்களில் கரண்ட் பில் ஏறும் என்பார்கள். குழாய் முழங்கத் தொடங்கினால் பழனியம்மாள் சேலைக்கு மேல் போட்டிருக்கும் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொள்வார். "பொண்ணு பாக்க வாராங்க டோய்!"

கம்ப்யூட்டர் லேத் ஒன்று புதிதாக வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே நின்றது. கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினீயர் வந்தார். கிராஃபைட் தூசி மின்சாரத்தைக் கடத்தும். அது கன்ட்ரோல் பெட்டிக்குள் போய் எல்லாவற்றையும் பொசுக்கியிருந்தது. அவர் பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா போய் நின்றார்.

"ஏனுங்க சார், இந்தப் பொட்டிக்கு என்னாச்சுங்க?"

"தூசி உள்ள போயிருச்சும்மா. இது ரொம்ப சென்சிடிவ். கொஞ்சம் போனாலும் ஷார்ட் ஆயிரும்."

"அப்படீங்களா." கொஞ்சம் நிறுத்தினார். "நமக்கு ஷார்ட் ஆவாதுங்களா?"

இன்ஜினீயர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்தான். நகைச்சுவை என்று நினைத்தார். ஷெட்டும் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். பதில் வராததால் திரும்பிப் போய் லேத்தை ஓட்டினார்.

அடுத்த வாரம் பெட்டியைச் சுற்றி ஒரு கண்ணாடி அறை கட்டப்பட்டது. அதற்கு ஏசி. தூசி உள்ளே நுழையாமல் இருக்க உள்ளிருந்து காற்றை வெளியே தள்ளும் ஏற்பாடு. பக்கத்தில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நாங்கள். அக்கா அன்று மதியம் அந்தக் கண்ணாடிமேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

"பொட்டிக்கு மூச்சு முட்டுச்சுன்னா கோயமுத்தூர்ல இருந்து ஆளு வருது. நாம பொட்டியாப் பொறந்திருக்கோணும் கண்ணு."

*

இனி பீடி.

ஷெட்டுக்குள் நெருப்பு கூடாது. கேட்டிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் பீடி குடிக்கும் ஆண்கள் காலையில் ஒருமுறை, மதியத்துக்குப் பிறகு ஒருமுறை கேட்டுக்கு வெளியே போய் வரலாம். வாட்ச்மேன் மேசையில் ஒரு லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். குனிந்து பற்றவைத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போவார்கள். பீடி டைம் என்று அதற்குப் பெயர். பீடி குடிக்காதவர்களுக்கு வெளியே வேலை இல்லை. பெண்களுக்கு டீ உள்ளேயே வரும், டம்ளர்மேல் தட்டு மூடி.

அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டார். நான் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்களுக்கும் கொஞ்ச நேரம் வெளிய விடுங்க சார்."

"லேடீஸுக்கு எதுக்கும்மா வெளிய? அதான் டீ உள்ள வருதே."

"காத்து வாங்கறதுக்குங்க."

"காத்துக்கெல்லாம் டைம் குடுக்க முடியாதும்மா. பீடி குடிக்கறவங்களுக்குத்தான்."

"சரிங்க" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் சரி சொன்னதை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மலையிலிருந்து இறங்கும்போது கணவரின் சட்டைப் பையிலிருந்து ஒரு பீடிக் கட்டை எடுத்து வந்துவிட்டார். மணியடித்ததும் லேத்தை நிறுத்தினார். ஒரு பீடியை எடுத்துக் காதில் செருகினார். சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றார்.

"பீடிக்குப் போய்ட்டு வாரேனுங்க."

அந்த ஆள் வாயைத் திறந்தார், மூடினார். விதி அவர் சொன்ன விதி. அக்கா ஷெட்டின் நடுவே நடந்து வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்ற ஆண்கள் விலகி இடம் விட்டார்கள். ஒருவர் குறும்பாகக் கேட்டார்: "என்னக்கா, தீ வேணுங்களா?"

"வேண்டாஞ் சாமி. நான் காத்தையே பத்தவெச்சுக்கறேன்."

மறுநாள் பழனியம்மாள். அதற்கு மறுநாள் பாதி ஷெட். எல்லோர் காதிலும் அக்கா கொடுத்த பீடி. பற்றவைக்கவே இல்லை. வியர்வையில் இலை பிரிந்து தூள் கொட்டும்வரை அதே பீடிதான். வாட்ச்மேனின் லைட்டரை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. மரத்தடியில் மலையைப் பார்த்து நிற்பார்கள். மூச்சு விடுவார்கள். வேறொன்றும் செய்யமாட்டார்கள். ஆறு மாதத்தில் பெண்களுக்கும் வெளியே போகலாம் என்று விதியையே தளர்த்தினார்கள். பீடி தேவைப்படவில்லை. ஆனால் அதற்குள் அக்காவுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பீடிக்காரி. மேனேஜர்கூடச் சிரித்துக்கொண்டே அப்படித்தான் கூப்பிடுவார். அக்காவும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

காற்று வாங்குவதற்காக ஒரு பெண் புகைப்பவளாக நடிக்க வேண்டியிருந்த இடம் அது. அந்த நடிப்பை அவர் செத்தபிறகு அவர்மேலேயே திருப்பினார்கள்.

*

ஒரு விடுமுறையில் வேன் பிடித்துப் புளியஞ்சோலைக்குப் போனோம். பெண்கள் எல்லோரும் ஓடையில் இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றித் தண்ணீர் சாம்பல் நிறமானது. மேலே ஒரு படலம், வெயிலில் பென்சில் கோடு மாதிரி மினுங்கியது. தினமும் தேய்த்துக் குளிப்பவர்கள்தான். தோலுக்குள் இருப்பது எங்கே போகும்? கீழே குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் துணிமணிகளை எடுத்துக்கொண்டு மேல்பக்கம் நகர்ந்தது. அந்தக் குடும்பத் தலைவர் போகிறபோக்கில் கேட்டார்:

"எந்தத் தார் ரோட்டுல வேலைம்மா உங்களுக்கு?"

எனக்குக் கூசியது. அக்கா கழுத்தளவு தண்ணீரிலிருந்து நிமிர்ந்தார்.

"ரோடு இல்லீங்க. உங்க ஊட்டுல மிக்சி ஓடுதுங்களா?"

"ஓடுது. ஏன்?"

"அதுக்குள்ள இருக்கற கரி நாங்க கடஞ்சதுங்க. நாளைக்குச் சட்னி அரைக்கறப்போ நெனச்சுக்குங்க."

அந்த ஆளின் மனைவி சிரித்துவிட்டார். பழனியம்மாள் தண்ணீரை அடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறியது, நிற்கவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இருமலை அன்றுதான் நான் சரியாகக் கேட்டேன்.

அதன்பிறகு மருத்துவமனைகள். முதலில் போனது ஒரு தனியார் இடம். நான் கூடப் போனேன். டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பீடி சுத்துற வேலையாம்மா? இல்ல குடிக்கிற பழக்கமா?"

"ரெண்டும் இல்லீங்க. கரி கடையறேனுங்க."

"கரி அடுப்பா? இன்னும் கேஸ் வாங்கலையா?"

"அடுப்பில்லீங்க. லேத்துல கடையறதுங்க. பென்சிலுக்குள்ள இருக்குமில்லீங்க, அந்தக் கரி."

"பென்சிலா?" டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பென்சில் கடிச்சு யாரும் செத்ததில்லம்மா. அடுப்பை மாத்துங்க."

நான் விளக்கப் போனேன். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்து அக்கா சொன்னார்: "அடுப்பு மாத்தச் சொல்றாரு. ஆறு வருசமாக் கேஸ்தான் எரியுது. இவருக்கு என்ன சொல்லிப் புரிய வெக்கறது, போ."

பிற்பாடு அரசு நெஞ்சக மருத்துவமனையில் ஓர் இளம்பெண் டாக்டர் இருந்தார். அவர்தான் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, "எங்க வேலை பாக்கறீங்க, எவ்வளவு காலமா, மூக்குல என்ன கட்டிக்குவீங்க" என்று வரிசையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இது புகை இல்லம்மா. நீங்க கடையற தூசி. நுரையீரல் பூரா படிஞ்சிருக்கு" என்றார். அக்கா அழவில்லை. என் பக்கம் திரும்பி, "தூசின்னாங்க, கேட்டியா? மாவுங்கல" என்றார்.

டாக்டர் சொன்னதை கம்பெனியில் போய்ச் சொன்னோம். அது ஒருவருடைய அபிப்பிராயம் என்றார்கள்.

*

இரங்கல் கூட்டம் கேன்டீனில் நடந்தது. மூர்த்தி அடித்த ஃப்ளெக்ஸ் சுவரில். அதன் முன்னால் முதல் வரிசையில் சின்னசாமி அண்ணன். மலையிலிருந்து தனியாக இறங்கி வந்திருந்தார். வெள்ளைச் சட்டையின் மடிப்பு கலையவில்லை. கைகளை முழங்கால்மேல் வைத்திருந்தார்.

மேனேஜர் நன்றாகப் பேசினார். அதுதான் சிக்கல். துணிச்சல்காரி என்றார், குடும்பத்தில் ஒருவர் என்றார், பீடிக்காரி கதையைச் சொல்லிச் சிரிக்கவும் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா நான் அப்பவே சொன்னேன். அந்தப் பழக்கம் மட்டும் வேண்டாம்மான்னு. கேட்டிருந்தா இன்னைக்கு நம்மகூட இருந்திருப்பாங்க. மத்தவங்களும் இதை ஒரு பாடமா எடுத்துக்கணும்."

அக்கா ஒருநாளும் பற்றவைத்ததில்லை என்று ஷெட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரியும். அந்தக் கதையில் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். நான் எழுந்தேன். அதற்குள் முதல் வரிசையில் சின்னசாமி அண்ணன் எழுந்துவிட்டார். கூட்டத்தில் பேசிப் பழகாதவர். கையைக் கட்டிக்கொண்டு பேசினார்.

"ஏனுங்க, தப்பாச் சொல்றீங்க. அவ குடிக்கலீங்க. பீடி குடிக்கறது நானுங்க. என் சட்டை ஜோப்புல இருந்து எடுத்துட்டு வந்த கட்டுங்க அது. அவளுக்கு அந்த வாசனையே ஆவாதுங்க. நான் குடிக்கறவன், இன்னும் மரம் ஏறி மொளகு பறிக்கறேன். பாத்துக்குங்க."

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? மேனேஜர் ஒரு கணம் தடுமாறினார். ஒரு கணம்தான். பிறகு இரக்கத்தோடு தலையை ஆட்டினார்.

"அதாங்க பெரியவரே. நீங்க குடிச்ச புகை அவங்களுக்கும் போயிருக்கும். கூட இருக்கறவங்களைத்தான் அது அதிகமாப் பாதிக்கும்னு டாக்டருங்களே சொல்றாங்க. விடுங்க. இப்பப் பேசி என்ன."

சின்னசாமி அண்ணன் அப்படியே உட்கார்ந்தார்.

நான் பேசினேன். பழனியம்மாள் பேசினார். அரசு டாக்டர் சொன்னதைச் சொன்னேன், வாரத்தில் ஒருநாள்தான் அக்கா மலைக்குப் போவார் என்பதைச் சொன்னேன், சக்சன் எப்போது ஓடும் என்பதைச் சொன்னேன். "இது இரங்கல் கூட்டம்மா, கோரிக்கைக் கூட்டம் இல்லை" என்றார்கள். மைக்கை அணைத்தார்கள். டீ வந்தது.

மேனேஜர் சொன்ன அந்த இரண்டையும் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்தேன். முதலில் குற்றத்தை இறந்தவர்மேல் போட்டார். அது நிற்காது என்று தெரிந்ததும் உயிரோடு இருப்பவர்மேல் போட்டார். நடுவில் மூச்சு விடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறையும் அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. மனிதர்கள் இவ்வளவு சுலபமாக இதைச் செய்ய முடியும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

மலை பஸ்ஸுக்காக நின்றபோது சின்னசாமி அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"அவ ஊட்டுல இருந்தா நான் வாசலுக்குப் போய்த்தான் குடிப்பேன் கண்ணு. சில நாளு மழைன்னா உள்ளயே..." நிறுத்தினார். "நானாங் கண்ணு?"

நான் வாய் திறக்குமுன் பழனியம்மாள் பாய்ந்தார்.

"கிறுக்கா உங்களுக்கு? உங்க பீடி ஆளைக் கொல்லும்னா மொதல்ல நீங்கதான மாமா போயிருக்கோணும்? அந்தாளு சொல்றான்னு நீங்களும் தலையாட்டுவீங்களா? உங்க ஊட்டுல பொகையிருந்தா அவ துப்புனது ஏன் பென்சில் மாதிரி மினுங்குச்சு? கேட்டுட்டு வாங்க போயி!"

கத்தி முடித்ததும் இருமினார். நீண்ட இருமல். சின்னசாமி அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இருமலை அவருக்குத் தெரியும். வீட்டில் கேட்டுப் பழகியது. ஊரிலிருக்கும் பழனியம்மாளின் வீட்டுக்காரர் பீடியைத் தொட்டதில்லை என்பதும் தெரியும். பஸ் வந்தது. ஏறினார். ஏறும்போது அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததா, நான் அப்படி நினைத்துக்கொண்டேனா, சொல்ல முடியவில்லை.

எனவே இங்கே எழுத்தில் சொல்கிறேன். சின்னசாமி அண்ணா, நீங்கள் இல்லை. மழை நாளில் உள்ளே குடித்த பீடி இல்லை. உங்கள் மனைவி சக்சன் ஓடாத ஷெட்டில் நின்று கடைந்தார். அங்கே தூசியிலிருந்து காப்பாற்ற வேண்டியது எது என்று தீர்மானித்தவர்கள் ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் அவர் நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி என் மேசை. நான் பார்த்தேன். யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

*

நான்கு நாள் கழித்து அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். கம்பெனியின் ஆண்டு மலரில் அக்காவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

"நீங்க தமிழ் படிச்சவங்க. உருக்கமா ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அந்த நோய், மீட்டிங்ல நடந்தது, அதெல்லாம் வேண்டாம். கொஞ்சம் சுத்தமா இருக்கட்டும்."

சுத்தமா. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அவர் கைகள் நினைவுக்கு வந்தன.

ஷெட்டுக்குள் மேனேஜர் நுழைந்தால் எல்லோரும் பஞ்சுக் கழிவை எடுத்துக் கையைத் துடைப்போம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, தானாக வந்த பழக்கம். என் மேசையில் கை அவ்வளவு கறுக்காது, நானும் துடைப்பேன். அக்கா மட்டும் துடைக்கமாட்டார். லேத்தை நிறுத்திவிட்டு இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அப்படியே கும்பிடுவார். நகக்கண்ணிலிருந்து முழங்கை வரை கறுப்பு. மேனேஜர் சட்டையைக் காப்பாற்றிக்கொள்ள அரை அடி பின்னால் நகர்வார். அந்த அரை அடி ஷெட் முழுவதற்கும் தெரியும். ஏனக்கா துடைக்கமாட்டேங்கறீங்க என்று ஒருமுறை கேட்டேன்.

"தொடச்சுட்டுப் பேசினா, நாம என்ன வேலை செய்யறம்னு அவுங்க மறந்துருவாங்க கண்ணு."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். அவர் பெயரில் என்னிடம் ஒரு பொருளும் இல்லை. ஆயுத பூஜைப் படத்தில்கூட லேத்தை அழித்துவிட்டார்கள். ஆனால் அதிகாரத்தின் முன்னால் கையைத் துடைக்காமல் நிற்கலாம் என்பதும், அப்படி நின்றால் பின்னால் நகர்வது அவர்கள்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆண்டு மலருக்கு, மேலே எழுதியிருக்கும் இதையேதான் கொடுத்தேன். வாங்கிப் படித்தவர் முதல் பத்தியிலேயே தாளை மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.